அன்னா பிராய்டின் போர்க்காலக் குறிப்புகள்

1939ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தின் முதல் மூன்று நாட்களில் பிரித்தானியாவின் பெருநகரங்களிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலானோர் தாய் தந்தையர் துணையின்றிச் சென்ற பாடசாலைப் பிள்ளைகள். சட்டையில் பெயரெழுதிய சீட்டு ஒன்று. தோளில் நச்சுவாயு முகமூடி வைத்த சிறு பெட்டி. போகுமிடம் எதுவென்று பல தாய்மாருக்குத் தெரியாது.

அரசாங்கம் புகையிரதங்களை எண்ணியிருந்தது, தங்கவைக்கும் வீடுகளை எண்ணியிருந்தது, போர்வைகளையும் எண்ணியிருந்தது. மாதங்கள் சில கழிந்தும் குண்டு எதுவும் விழாததைக் கண்டு பெற்றோர் பலர் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். பின்னர் 1940 செப்டெம்பர் 7ஆந் திகதி லண்டன் மீது பெருங் குண்டுவீச்சு ஆரம்பித்தது. அப்பொழுதும் பிள்ளையை அனுப்ப மறுத்த தாயும், அனுப்பிய இடத்தில் இருப்புக்கொள்ளாமல் வீட்டுக்கே ஓடிவர முயன்ற பிள்ளையும் உத்தியோகத்தர்களுக்குப் புதிராகவே இருந்தனர். குண்டு விழும் இடத்தை விட்டு விழாத இடத்துக்குப் போக மறுப்பவர் அறிவிலி என்பதே அவர்களின் கணக்கு.

அந்தக் கணக்கில் விடுபட்டுப் போன ஒன்றைப் பிள்ளைகளின் பக்கத்தில் நின்று எழுதிக் காட்டிய பெண்மணி ஒருவரைப் பற்றியதே இக்கட்டுரை. அவர் பெயர் அன்னா பிராய்ட். உளப்பகுப்பாய்வை நிறுவிய சிக்மண்ட் பிராய்டின் கடைசி மகள். கல்வி உளவியலைப் பாடமாகப் படித்த ஆசிரியர்களுக்குத் தந்தையின் பெயர் பக்கம் பக்கமாக அறிமுகமாகியிருக்கும். மகளின் பெயரோ தற்காப்புப் பொறிமுறைகள் என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியில் வந்து மறைந்துவிடும். பரீட்சைக்கு அந்த ஒரு வரி போதுமானது. ஆனால் அவர் செய்த பணியின் உயிர்நிலை அந்த வரியில் இல்லை. அது, போர்க்காலத்தில் சில வீடுகளில், சிறு அட்டைகளில் எழுதி வைக்கப்பட்ட குறிப்புகளில் இருக்கிறது.

அன்னா 1895 டிசெம்பர் 3ஆந் திகதி வியன்னா நகரில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் ஆறாமவர். பல்கலைக்கழகத்திற் படித்துப் பெற்ற பட்டம் எதுவும் அவருக்கு இருந்ததில்லை. பிற்காலத்திற் பல்கலைக்கழகங்கள் தேடிவந்து கௌரவப் பட்டங்களை வழங்கின என்பது வேறு கதை. அவர் உழைத்துப் பெற்றது ஆசிரியர் தகைமை ஒன்றே. தாம் கற்ற பாடசாலையிலேயே பயிலுநராகச் சேர்ந்து, முதலாவது உலகப் போரின் பசியும் பஞ்சமும் வியன்னாவை வாட்டிய காலத்தில், 1920 வரையில் சிறு பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். பட்டதாரி ஆசிரியர்களாகிய எங்களுக்கு இதைக் கேட்கையில் சிறு கூச்சம் உண்டாவது இயல்பே. அவருடைய எழுத்தை வாசிக்கும் எவருக்கும் ஒன்று விளங்கும்: நாற்காலியில் அமர்ந்து கனவுகளுக்குப் பொருள் சொல்லும் வைத்தியரின் கண் ஒன்று, வகுப்பறையின் பின்வரிசையில் ஒரு பிள்ளை ஏன் இன்று பேசாமல் இருக்கிறது என்று பார்க்கும் ஆசிரியையின் கண் மற்றொன்று, அன்னாவுக்கு இரண்டாவது கண்ணே முதலில் வாய்த்தது.

1918இல் தந்தையே மகளை உளப்பகுப்பாய்வுக்கு உட்படுத்தத் தொடங்கினார். இன்றைய தொழில் ஒழுக்கம் இதை ஒருபோதும் ஏற்காது. அக்காலத்தில் விதிகள் இறுகியிருக்கவில்லை என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சமாதானம் முழுமையாகத் திருப்தி தருவதில்லை. தன் மனத்தின் அந்தரங்கத்தைத் தந்தையிடமே திறந்து வைக்க வேண்டியிருந்த ஒரு மகள், பிற்காலத்தில் பிள்ளையைப் பிள்ளையின் நிலையில் நின்றே பார்க்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எண்ணத் தோன்றுகிறது. 1922இல் வியன்னா உளப்பகுப்பாய்வுச் சங்கத்தில் அவர் உறுப்பினரானார். அடுத்த ஆண்டு தந்தைக்குப் புற்றுநோய் கண்டது. அதன்பின் 16 ஆண்டுகள் அவர் தந்தைக்கு மகளாகவும் தாதியாகவும் தூதுவராகவும் இருந்தார். 1930இல் தந்தைக்குக் கிடைத்த கேதே இலக்கியப் பரிசைப் பிராங்பேட் நகருக்குச் சென்று பெற்றுக்கொண்டு, அவருடைய உரையை அங்கு வாசித்தவரும் அன்னாவே.

அவருடைய தனிப் பாதை இக்காலத்திலேயே உருவாயிற்று. 1927இல் பிள்ளைகளுக்கான உளப்பகுப்பாய்வு முறை பற்றிய நூல் வெளிவந்தது. அதே துறையில் அப்பொழுது மெலனி கிளைன் அம்மையாரும் பெரும் பெயர் பெற்றிருந்தார். பிள்ளையின் விளையாட்டை வளர்ந்தவரின் பேச்சைப் போலவே பொருள் பிரித்துப் பார்க்கலாம் என்றார் கிளைன். பிள்ளைக்கு உண்மையான தாயும் தந்தையும் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டுப் பிள்ளையின் மனத்தை மட்டும் தனியே எடுத்து ஆராய முடியாது என்றார் அன்னா. இந்தப் பிணக்கு நெடுங்காலம் நீடித்தது. குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே லண்டன் சங்கத்தின் கூட்டங்களில் இரு சாராரும் மாறி மாறி வாதிட்டனர். சங்கம் பிளவுபடாமல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அந்த வாதப் பிரதிவாதங்களில் இன்று துறைசார்ந்தவர்களுக்கு அன்றி வேறெவருக்கும் சுவை இருக்குமென்று தோன்றவில்லை.

அதைவிட எனக்குச் சுவையானது வியன்னாவில் நடந்த ஒரு சின்னஞ்சிறு பாடசாலை. ஹீட்சிங் என்ற பகுதியில், ஒரு வீட்டின் தோட்டத்தில், 1927இல் அன்னாவின் தோழிகள் அதனை ஆரம்பித்தனர். தோழிகளில் ஒருவர் டொரதி பேர்லிங்ஹாம். கண்ணாடிக் கலைக்குப் புகழ்பெற்ற அமெரிக்கரான ரிபனியின் மகள். நான்கு பிள்ளைகளோடு வியன்னா வந்து, இறுதிவரை அன்னாவோடு இணைந்து பணிபுரிந்தவர். அப்பாடசாலையில் ஆசிரியர்களாக அமர்த்தப்பட்ட இளைஞர்களுள் பீற்றர் புளொஸ் ஒருவர். ஊரூராகத் திரிந்து சித்திரம் வரைந்துகொண்டிருந்த எரிக் என்ற நண்பர் மற்றவர். இந்த எரிக்கே பிற்காலத்தில் எரிக் எரிக்சன் என்ற பெயரில், கட்டிளமைப் பருவத்தின் அடையாள நெருக்கடி பற்றி எழுதி உலகப் புகழ் பெற்றவர். புளொஸ் அவர்களும் கட்டிளமைப் பருவம் பற்றியே 1962இல் ஒரு முக்கிய நூலை எழுதினார். ஐந்து ஆண்டுகளே நடந்த ஒரு தோட்டப் பாடசாலையிலிருந்து அத்துறையின் பேராசான்கள் இருவர் வெளிவந்தனர்.

அன்னாவும் அப்பருவத்தைக் கவனித்தவரே. 1936இல், தந்தையின் 80ஆவது பிறந்தநாளுக்குக் காணிக்கையாக வழங்கிய நூலிற் கட்டிளைஞரின் இரண்டு போக்குகளைப் பற்றி எழுதினார். ஒன்று துறவு: நேற்றுவரை உணவுக்கும் உடைக்கும் சண்டையிட்ட பிள்ளை திடீரென்று சுவையான உணவை வெறுக்கும், குளிருக்குப் போர்த்தாது, தூக்கத்தைக்கூடக் குறைத்துக்கொள்ளும். மற்றையது தத்துவ விசாரம்: நட்பு, சுதந்திரம், புரட்சி, கடவுள் என்று இரவிரவாக வாதிடும், மறுநாட் காலையில் தன் தம்பியோடு நடந்துகொள்ளும் முறைக்கும் அந்த உயர்ந்த கருத்துகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இராது. உள்ளே பொங்கும் உணர்ச்சிகளுக்கு அஞ்சிய மனம் எழுப்பும் அரண்கள் இவை என்பது அவர் தந்த விளக்கம். உயர்தர வகுப்பில் ஓராண்டு படிப்பித்த எவரும் இந்த இரண்டு வகையினரையும் பெயர் சொல்லிக் காட்டுவர். 1958இல் எழுதிய கட்டுரையில் அவர் இன்னும் ஒரு படி சென்றார். இப்பருவத்தின் கொந்தளிப்பு நோயன்று. ஒரு கொந்தளிப்பும் இன்றி, சொன்னதைக் கேட்டு, சிறுபிள்ளையாகவே நீடிக்கும் பதினாறு வயதுப் பிள்ளையைப் பற்றியே பெற்றோர் கவலைப்பட வேண்டும் என்பது அதன் சாரம். அடக்கமான பிள்ளையே நல்ல பிள்ளை என்று நற்சான்றிதழ் எழுதிக் கொடுக்கும் அதிபர்கள் இதை எப்படி வரவேற்பார்களோ தெரியாது!

1937இல் வியன்னாவின் மிக வறிய குடும்பங்களின் பச்சிளம் பிள்ளைகளுக்காக ஒரு பகற் பராமரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. அமெரிக்க வைத்தியரான ஈடித் ஜக்சன் பணம் கொடுத்தார். அங்கு பிள்ளைகள் தாமே உணவைத் தெரிந்தெடுத்து உண்ண விடப்பட்டனர். பார்த்ததை அப்படியே எழுதிவைப்பது பணியாளரின் கடமை. ஓராண்டுதான். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஒஸ்திரியாவுக்குள் புகுந்தன, நிலையம் மூடப்பட்டது. மார்ச் 22ஆந் திகதி கெஸ்டாப்போ பொலிசார் அன்னாவை விசாரணைக்குக் கொண்டு சென்றனர். சித்திரவதை நேர்ந்தால் உட்கொள்வதற்கென்று குடும்ப வைத்தியர் கொடுத்த மாத்திரைகள் அவரிடம் இருந்தன. அன்று மாலை அவர் திரும்பி வந்தார். அதன் பிறகே, வியன்னாவை விட்டுப் போவதில்லையென்று பிடிவாதமாக இருந்த முதியவர் புறப்படச் சம்மதித்தார் என்பர். ஜூன் மாதம் குடும்பம் லண்டன் சேர்ந்தது. அடுத்த ஆண்டு செப்டெம்பரில், போர் தொடங்கிய மூன்றாவது வாரத்தில், சிக்மண்ட் பிராய்ட் காலமானார்.

அகதியாக வந்து, தந்தையையும் இழந்து நின்ற 43 வயதுப் பெண் அடுத்து என்ன செய்தார் என்பதே நமது கதை.

1941 ஜனவரியில் ஹம்ஸ்டெட் பகுதியில், வெடர்பேண் வீதியில், ஒரு வீடு திறக்கப்பட்டது. நிலக்கீழ்ப் புகையிரத நிலையங்களில் இரவிரவாகப் படுத்துறங்கிக் களைத்த பிள்ளைகளுக்கு ஓய்விடம் என்பதே முதல் நோக்கம். விரைவில் நெதர்ஹோல் தோட்ட வீதியிற் குழந்தைகளுக்கு ஒரு வீடும், எசெக்ஸ் நாட்டுப்புறத்திற் சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு மற்றொரு வீடும் சேர்ந்துகொண்டன. மூன்று வீடுகளிலும் எண்பதளவு பிள்ளைகள் ஒரே காலத்தில் தங்கியிருந்தனர். அமெரிக்காவிலிருந்து ஒரு வளர்ப்புப் பெற்றோர் நிதியம் பணம் அனுப்பியது. அதற்கு மாதந்தோறும் அறிக்கை எழுதியனுப்ப வேண்டும். பணியாளருட் பலர் ஜேர்மனியிலிருந்தும் ஒஸ்திரியாவிலிருந்தும் தப்பி வந்த பெண்கள். அவர்களுள் அலிஸ் கோல்ட்பேகர் என்பவர், எதிரி நாட்டவர் என்று பிரித்தானிய அரசால் மான் தீவில் அடைத்து வைக்கப்பட்டிருந்தவர். தடுப்பு முகாமிலேயே பிள்ளைகளுக்கு ஒரு பாலர் பள்ளி நடத்தினார் என்ற செய்தி கேள்விப்பட்டே அன்னா அவரைத் தேடிக்கொண்டார்.

அந்த வீடுகளுக்கு ஒரு விதி இருந்தது. சமைப்பவராயினும் சரி, குழந்தையைக் குளிப்பாட்டுபவராயினும் சரி, ஒரு பிள்ளை செய்ததையோ சொன்னதையோ கண்டால் சிறு அட்டையில் எழுதி வைக்க வேண்டும். கருத்துரை வேண்டாம், கண்டதும் கேட்டதும் போதும். பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் நாங்கள். சப்பாணி கொட்டும் பருவம், முத்தம் தரும் பருவம், அம்புலியை அழைக்கும் பருவம் என்று பிள்ளையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் நுணுகி நோக்கிய மரபு அது. ஆனால் அந்தப் பிள்ளை எப்பொழுதும் தாயின் மடியில் இருக்கும் பிள்ளை. ஹம்ஸ்டெட் அட்டைகளில் வருவது தாய் பக்கத்தில் இல்லாத பிள்ளை.

குண்டுவீச்சைப் பற்றி அட்டைகள் சொன்னது எல்லோரையும் வியப்பில் ஆழ்த்தியது. இடிபாடுகளைக் கண்டு சிறுவர் நடுங்குவர் என்று பெரியவர்கள் எதிர்பார்த்தனர். சிறுவரோ குண்டு விழுந்த குழிகளிலும் உடைந்த செங்கற் குவியலிலும் உல்லாசமாக விளையாடினர். இது கல்நெஞ்சம் என்று அன்னா எழுதவில்லை. உடைப்பதும் எறிவதும் கடிப்பதும் இரண்டு மூன்று வயதில் இயல்பாக உள்ளிருந்து வரும் உந்தல்கள். அவற்றை அடக்கக் கற்கும் வேளையில் வெளியுலகமே பெரும் அளவில் உடைத்துக்கொண்டிருந்தால் அப்பிள்ளை எதைக் கற்கும் என்பதே அவருடைய கவலை. பயத்தை விட அந்த உடன்பாடு ஆபத்தானது என்று அவர் கருதினார்.

பயம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு தாயையும் ஐந்து வயது மகனையும் அவர் உதாரணம் காட்டுகிறார். அபாயச் சங்கு ஊதினால் அந்தத் தாய் படுக்கைக்குப் போகமாட்டார். வாசலில் நின்று நடுங்குவார். மகனும் உறங்கக்கூடாது, உடை மாற்றிக்கொண்டு எழுந்து வந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பையனுக்கு நரம்புத் தளர்ச்சியும் படுக்கையை நனைக்கும் பழக்கமும் வந்தன. விடுதியிலோ அவன் குண்டுச் சத்தத்துக்குப் பெரிதாகப் பயந்ததில்லை. மறுபுறம், அமைதியாகத் தம் வேலையைப் பார்த்த தாய்மாரின் பக்கத்திற் படுத்த பிள்ளைகள் பேரிரைச்சலின் நடுவே உறங்கினர். தாயின் முகத்தைப் பார்த்தே பிள்ளை வானத்தை அறிந்துகொள்கிறது என்று இதை நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இனி, இந்தக் குறிப்புகளுள் என்னால் மறக்க முடியாத ஒன்று. மூன்று வயது சற்றுக் கடந்த ஒரு சிறுவன். அழாமல் நல்ல பிள்ளையாக இருந்தால் அம்மா வந்து பார்ப்பேன் என்று சொல்லி விட்டுச் செல்லப்பட்டவன். அவன் வாக்கைக் காப்பாற்றினான், அழவில்லை. யாராவது தன்னைப் பார்த்தால் மட்டும் தலையை ஆட்டி, அம்மா வருவா, மேலங்கி போட்டுவிடுவா, வீட்டுக்குக் கூட்டிப் போவா என்று சொல்வான். கேட்பவர் ஆமோதித்தால் திருப்தியடைவான். மறுத்தால் மட்டும் உடைந்து அழுவான். நாட் செல்லச் செல்ல அந்த வாக்கியம் நீண்டது. மேலங்கியோடு காற்சட்டை சேர்ந்தது, பின்னர் சிப்பை இழுத்து மூடுவது, பின்னர் கூர்த்தொப்பி. ஓயாமல் இதையே கேட்டுச் சலித்த ஒருவர், இதைச் சொல்லாமல் இருக்கமாட்டாயா என்றார். அவன் மறுபடியும் நல்ல பிள்ளையாக முயன்றான். சத்தம் நின்றது, உதடுகள் மட்டும் அசைந்தன. சொற்களுக்குப் பதிலாகக் கைகள் பேசின: இல்லாத தொப்பியைத் தலையில் வைத்தான், இல்லாத மேலங்கியை மாட்டினான், இல்லாத சிப்பை இழுத்தான். அடுத்தடுத்த நாட்களில் அந்தச் சைகைகளும் தேய்ந்து விரல்களின் ஒரு துடிப்பாகச் சுருங்கின. மற்றப் பிள்ளைகள் பாட்டும் விளையாட்டுமாக இருக்க, அவன் ஒரு மூலையில் நின்று உதட்டையும் விரலையும் அசைத்துக்கொண்டிருந்தான்.

இதை வாசிக்கும்பொழுது எனக்கு முதலில் உறைப்பது, அச்சிறுவன் எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை என்பதுதான். ஆண்டறிக்கை எழுதும் அதிகாரி ஒருவர் வந்து பார்த்திருந்தால், பிள்ளை நன்றாகப் பழகிவிட்டது என்றே எழுதியிருப்பார். அழும் பிள்ளை பழகவில்லை, அழாத பிள்ளை பழகிவிட்டது என்பதுதானே பொதுவான எண்ணம். அழாத பிள்ளையின் விரலைப் பார்க்க ஒருவர் இருந்தார். பார்த்ததை எழுத ஓர் அட்டை இருந்தது.

ஹம்ஸ்டெட் வீடுகளில் நடைமுறைகள் இத்தகைய அனுபவங்களிலிருந்தே உருவாயின. புதிய பிள்ளையை ஒரே நாளில் தாயிடமிருந்து பிரிக்காமல், நாட்கணக்கிற் படிப்படியாகப் பிரித்துச் சேர்த்துக்கொண்டனர். பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம். சில தாய்மாருக்கு அந்த வீடுகளிலேயே வேலை கொடுக்கப்பட்டது. பாலூட்டும் தாய் குழந்தையோடு தங்கலாம். உடன்பிறந்தவர்கள் ஒன்றாக வைக்கப்பட்டனர். இன்னொரு மாற்றம் சற்றுத் துணிச்சலானது. எல்லாப் பிள்ளைகளையும் எல்லாப் பணியாளரும் பொதுவாகக் கவனிக்கும் முறையைக் கைவிட்டு, ஒரு பெண்ணுக்கு நான்கு பிள்ளைகள் அளவில் சிறு ‘குடும்பங்களாக’ப் பிரித்தனர். ஒரு கிழமைக்குள் வீடு அல்லோலகல்லோலமாயிற்று. இதுவரை அமைதியாகப் பகிர்ந்துண்ட பிள்ளைகள் தங்கள் ‘அம்மா’வுக்காக அடிபட்டனர், அவர் அறையை விட்டு வெளியேறினால் கதறினர். நிருவாகம் என்ற கண்ணால் பார்த்தால் இது தோல்வி. ஆனால் அதுவரை பின்தங்கியிருந்த பேச்சு விரைந்து வளரத் தொடங்கியது. உண்பதிலும் ஓடியாடுவதிலும் விடுதிப் பிள்ளை வீட்டுப் பிள்ளைக்கு ஈடுகொடுக்கும். பேச்சையும் சுத்தப் பழக்கத்தையும் பிள்ளை ஒருவருக்காகவே கற்கிறது என்று 1944இல் வெளிவந்த நூலில் அன்னாவும் டொரதியும் எழுதினர். இதற்கு விலையும் இருந்தது. அந்த ‘அம்மா’ விடுமுறையிற் போனாலோ வேலையை விட்டாலோ பிள்ளைக்கு இரண்டாவது பிரிவு நேர்ந்தது. அதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினர்.

பிள்ளைகளை நகரத்திலிருந்து அனுப்பியது பிழை என்று அன்னா சொன்னாரா? இல்லை. குண்டு உண்மையிலேயே பிள்ளைகளைக் கொன்றது, தாய் தொழிற்சாலைக்குப் போக வேண்டியிருந்தது, தந்தை போர்முனையில். அவர் நடத்திய வீடுகளே பிரிவின் மேல் எழுந்த வீடுகள்தாம். பாதுகாப்பு என்று நாம் கொடுப்பதற்குப் பிள்ளை என்ன விலை கொடுக்கிறது என்பதையும் கணக்கில் எழுதுங்கள் என்பதே அவர் கேட்டது. போருக்குப் பின்னர் இத்தகைய கருத்துகள் தாய்மாரை வீட்டில் இருத்தி வைக்கும் வாதத்துக்குத் துணைபோயின என்று பெண்ணியவாதிகள் குறைகூறியது உண்டு. குற்றச்சாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வேலைக்குப் போகும் தாயை அன்னாவின் அறிக்கைகள் குற்றவாளியாக்கியதில்லை.

அட்டை எழுதியவர்களுள் ஒருவரை இங்கு தனியே குறிப்பிட வேண்டும். ஜேம்ஸ் ரொபேட்சன், ஸ்கொட்லாந்தின் தொழிலாளர் குடும்பத்தில் வந்தவர். போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். கொதிகலனைப் பார்ப்பதும், உடைந்தவற்றைத் திருத்துவதும், இரவிற் தீ காவல் காப்பதும் ஹம்ஸ்டெட்டில் அவருடைய வேலை. அவரும் அட்டை எழுதினார். போர் முடிந்தபின், தாய்ப் பிரிவு பற்றிய ஆய்வுகளுக்காகப் பிற்காலத்திற் புகழ்பெற்ற ஜோன் போல்பி அவர்களிடம் சேர்ந்து, வைத்தியசாலைகளில் இருந்த சிறு பிள்ளைகளைக் கவனிக்கத் தொடங்கினார். அக்காலத்துப் பிரித்தானிய வைத்தியசாலைகள் பலவற்றில், பெற்றோர் கிழமைக்கு ஓரிரு மணித்தியாலங்களே பிள்ளையைப் பார்க்கலாம். பெற்றோர் வந்து போனால் பிள்ளைகள் அழுகிறார்கள், வராவிட்டால் அமைதியாக இருக்கிறார்கள் என்பது தாதியர் சொன்ன காரணம். அந்த அமைதி எது என்று ரொபேட்சனுக்குத் தெரியும். முதலில் கதறல், பின்னர் நம்பிக்கையிழப்பு, அதன்பின் தாய் வந்தாலும் முகம் திருப்பும் ஒட்டாத்தன்மை என்று அதன் மூன்று கட்டங்களை அவர் எடுத்துக் காட்டினார். எழுதியதை வைத்தியர்கள் நம்பவில்லை. ஆகவே, முன்பின் படம் பிடித்தறியாத அவர் ஒரு கமெராவை எடுத்துச் சென்று, சத்திரசிகிச்சைக்காக எட்டு நாட்கள் தங்கிய இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம்பிடித்தார். வேண்டிய காட்சிகளைப் பொறுக்கிச் சேர்த்ததாக எவரும் சொல்லாதபடி நாள்தோறும் குறித்த நேரங்களில், சுவர்க் கடிகாரமும் தெரியும்படி பிடித்தார். 1952இல் வைத்தியர்களுக்கு அதைத் திரையிட்டபோது சபையில் பலர் சினங்கொண்டனர். சிறுமி பெரும்பாலும் அழவே இல்லை. அதுதான் படத்தின் வலிமை. ஏழாண்டுகளின் பின், 1959இல் வெளிவந்த பிளாட் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்க வேண்டும் என்று அரசாங்கத்துக்குப் பரிந்துரைத்தது. வைத்தியசாலைகளின் கதவுகள் மெல்ல மெல்லத் திறந்தன. கொதிகலன்காரரிடமும் ஓர் அட்டையைக் கொடுத்ததன் பயன் இது.

1945 ஒக்டோபரில், சசெக்ஸ் மாவட்டத்தில் புல்டோக்ஸ் பாங்க் என்ற ஒரு வீட்டுக்கு ஆறு பிள்ளைகள் கொண்டுவரப்பட்டனர். மூன்று, நான்கு வயது. பெற்றோர் நாஸிகளாற் கொல்லப்பட்டவர்கள். பெரும்பாலும் ஒரு வயது நிரம்புமுன்னரே தெரெசியன்ஸ்டாட் முகாமில் தாயற்ற குழந்தைகளின் அறையிற் சேர்க்கப்பட்டு, அங்கேயே வளர்ந்தவர்கள். அன்னாவின் அத்தை அடொல்பின் இறந்ததும் அதே முகாமில். மற்ற மூன்று அத்தைமாரும் வேறு இடத்திற் கொல்லப்பட்டனர். அப்பிள்ளைகளைப் பற்றி 1951இல் அன்னா எழுதிய கட்டுரையில் இந்தச் சொந்தச் செய்தி ஒரு சொல்லாலும் வராது.

சோபி டான், கேற்றூட் டான் என்ற சகோதரிகள் பிள்ளைகளைப் பராமரித்தனர். வந்தவுடன் பிள்ளைகள் விளையாட்டுப் பொருட்களை உடைத்தனர். பெரியவர்கள் மேல் துப்பினர், கடித்தனர். நாயைக் கண்டால் வெலவெலத்தனர். ஆனால் தமக்குள் ஒருவரையொருவர் ஒரு கணமும் பிரியமாட்டார்கள். ஒருவர் பின்தங்கினால் மற்றவர்கள் நடக்க மறுப்பர். சாப்பாட்டு மேசையில் தான் உண்பதைவிடப் பக்கத்துப் பிள்ளைக்குக் கிடைத்ததா என்பதே முக்கியம். பொறாமை என்பது இல்லை. தாயன்பு கிட்டாத பிள்ளை எவரையும் நேசிக்கத் தெரியாததாய்ப் போகும் என்பது அன்னா சார்ந்திருந்த கொள்கை எதிர்பார்க்கும் முடிவு. இந்த ஆறு பேரும் எளிதில் கலங்குபவர்கள், அடங்காதவர்கள். ஆனால் மனம் சிதைந்தவர்கள் அல்லர். ஒருவருக்கொருவர் தாயாக இருந்திருக்கிறார்கள். ஓராண்டுக்குள் அந்நிய மொழி ஒன்றையும் கற்றுவிட்டனர். கொள்கைக்கு ஒத்துவராத இந்தச் செய்தியை அன்னா வளைக்காமலும் மறைக்காமலும் பதிவு செய்தார். அவருடைய எழுத்துகளுள் மிகச் சிறந்தது இக்கட்டுரையே என்பது என் எண்ணம்.

பின்வந்த பணிகள் பல. 1947இல் பயிற்சி நெறி, 1952இல் ஹம்ஸ்டெட் சிகிச்சை நிலையம், 1965இல் பிள்ளையின் இயல்பான வளர்ச்சி பற்றிய பெருநூல். 1973இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கோல்ட்ஸ்ரைன், மனநல வைத்தியர் சொல்னிற் ஆகியோருடன் சேர்ந்து, பெற்றோர் பிரியும் வழக்குகளிற் பிள்ளை யாரிடம் போக வேண்டும் என்பது பற்றிய நூலை வெளியிட்டார். இரத்த உறவைவிட, நாள்தோறும் பராமரிப்பதால் பிள்ளையின் மனத்திற் பெற்றோராகிவிட்டவரின் உறவே நிறுக்கப்பட வேண்டும் என்று அது வாதிட்டது. அமெரிக்க நீதிமன்றங்கள் அதனை எடுத்தாண்டன. நீதிமன்றத்துக்குத் தவணை என்பது சாதாரணம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு மாதம் என்பது முடிவில்லாத காலம் என்று அந்நூல் சொல்வதை வாசித்தபோது, மேலங்கிக்காகக் காத்து நின்ற சிறுவன் என் நினைவுக்கு வந்தான்.

அன்னா பிராய்ட் 1982 ஒக்டோபர் 9ஆந் திகதி லண்டனிற் காலமானார். தந்தையும் அவரும் வாழ்ந்த வீடு 1986இல் அரும்பொருளகமாகத் திறக்கப்பட்டது. ஹம்ஸ்டெட் மாத அறிக்கைகள் அவருடைய நூற்றொகுதியின் மூன்றாம் பாகமாக 1973இல் வெளிவந்தன. இலக்கியமாக எழுதப்பட்டவை அல்ல அவை. பணம் அனுப்பியவர்களுக்குக் கணக்குக் காட்ட எழுதியவை. இந்த மாதம் எத்தனை பேருக்குச் சின்னமுத்து வந்தது, அமெரிக்காவிலிருந்து வந்த உடுப்புப் பொதிகளுக்கு நன்றி, நிலக்கரிக்கு என்ன வழி என்று செல்லும் பக்கங்களின் நடுவே, திடீரென்று, ஒரு பிள்ளை மூலையில் நிற்கிறது.